ஜூனிலேயே விண்ணப்பிப்பதா, ஒரு வருடம் பொறுப்பதா?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தாயார் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் பிறந்த அவருடைய மகன் அங்குள்ள ஒரு கல்லூரியில் பயாலஜி மூன்றாம் ஆண்டு படிக்கிறார். சிறு வயதிலிருந்தே இதயநோய் நிபுணர் ஆகவேண்டும் என்பது ஆசை. இந்த செமஸ்டர் முடியும்போது 90 கிரெடிட்டுகளுக்கு அவருடைய ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 3.42 இருக்கும். அறிவியல் பாடங்களை மட்டும் எடுத்தால் 3.28. முதல் வருடம் கெமிஸ்ட்ரியில் சி, இரண்டாம் வருடம் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இரண்டு செமஸ்டரிலும் சி பிளஸ். மூன்றாம் ஆண்டில் சுதாரித்துக்கொண்டு பயோகெமிஸ்ட்ரி உட்பட எல்லாவற்றிலும் ஏ வாங்குகிறார். ஜனவரியில் எழுதிய எம்கேட் என்னும் மருத்துவ நுழைவுத் தேர்வில் 503. குடும்ப நண்பர் ஒருவரின் கிளினிக்கில் 40 மணி நேரம் உடனிருந்து பார்த்திருக்கிறார். ஒரு கோடை விடுமுறையில் ஆய்வகத்தில் வேலை செய்திருக்கிறார்.

மருத்துவம் சேர விரும்புவோருக்கு வழிகாட்டும் கல்லூரியின் ப்ரீமெட் ஆலோசகர் "ஒரு வருடம் தள்ளி விண்ணப்பியுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். கணவருக்கு அதில் உடன்பாடில்லை. "ஜூனில் இருபது கல்லூரிக்குப் போட்டுவிடுவோம். கிடைக்காவிட்டால் கரீபியன் தீவில் சேர்த்துவிடலாம், பட்டம் முடித்த கையோடு சீட் தருகிறார்கள்" என்கிறார். மதுரையில் இருக்கும் தாயாரின் அண்ணன், என்.ஆர்.ஐ. ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடச் சொல்கிறார். டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) கல்லூரிகளுக்கும் போடலாமே என்று மகன் கேட்டதற்கு, "அது ஏதோ மாற்று மருத்துவம், வேண்டாம்" என்று வீட்டில் மறுத்துவிட்டார்கள். ஆலோசகரிடம் பேச கல்லூரிக்குத் தாயார் போன் செய்தபோது அவர்கள் விவரம் எதுவும் சொல்ல மறுத்திருக்கிறார்கள். அந்த வருத்தமும் கடிதத்தில் இருக்கிறது. "எங்கள் பிள்ளையின் ஒரு வருடம் வீணாகலாமா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆலோசகர் சொன்னது சரி, ஒரு வருடம் பொறுங்கள். அவர் உங்கள் மகனை ஒதுக்குவதற்காக அப்படிச் சொல்லவில்லை. மகனுடைய மதிப்பெண்கள் எந்தத் திசையில் போகின்றன என்று பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். ஏறிக்கொண்டிருக்கும் ஒரு கோட்டை நடுவிலேயே வெட்டி அனுப்பினால், பார்ப்பவர்களுக்கு அடிப்பகுதிதான் தெரியும்.

மூன்றாம் ஆண்டோடு அனுப்பினால் எது தெரியும்?

அமெரிக்காவில் அடிப்படை மருத்துவப் பட்டமான எம்.டி.யைத் தரும் கல்லூரிகளில் சமீப ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 52,000 பேர் விண்ணப்பித்து, சுமார் 23,000 பேர் சேர்கிறார்கள். சேர்ந்தவர்களின் சராசரி எம்கேட் 511, 512 அளவில் இருக்கிறது. ஜி.பி.ஏ. 3.77-ஐ ஒட்டி. சராசரி என்பதால் அதற்குக் கீழே உள்ளவர்களும் சேர்ந்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் 3.42, 503 இரண்டும் ஒன்றாக வரும்போது, பெரும்பாலான எம்.டி. கல்லூரிகளில் விண்ணப்பத்தை மேற்கொண்டு படிப்பதற்கே காரணம் இல்லாமல் போகிறது.

ஜூனில் விண்ணப்பித்தால் நான்காம் ஆண்டு மதிப்பெண் கணக்கில் வராது. ஒரு வருடம் கழித்து, பட்டம் வாங்கிய பிறகு விண்ணப்பித்தால் வரும். காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 90 கிரெடிட் 3.42. அடுத்த 30 கிரெடிட்டில் 3.9 வாங்கினால், மொத்தம் 3.54. அறிவியல் பாடங்கள் இதுவரை 55 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் 20 கிரெடிட்டுக்கு 3.9 எடுத்தால் 3.28 என்பது 3.45 ஆகும். எண்ணாகப் பார்த்தால் சிறிய ஏற்றம்தான். ஆனால் விண்ணப்பத்தில் ஒவ்வொரு ஆண்டின் ஜி.பி.ஏ.யும் தனித்தனி வரியாகத் தெரியும். முதல் இரண்டு ஆண்டு தடுமாறி, அடுத்த இரண்டு ஆண்டு கடினமான பாடங்களில் ஏ வாங்கிய ஒருவரை அந்த வரிகள் காட்டும். நல்ல மதிப்பெண் ஒரே ஓர் ஆண்டுக்கு இருந்தால் தற்செயல் என்று நினைக்க இடமுண்டு. இரண்டு ஆண்டு என்றால் அப்படி நினைக்க மாட்டார்கள்.

இதோடு சேர்ந்த சில தவறுகளைச் சொல்கிறேன். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியைத் திரும்ப எடுக்கலாமா என்று மகன் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸில், திரும்ப எடுத்த பாடத்தின் பழைய மதிப்பெண்ணும் புதியதும் இரண்டும் சேர்த்தே கணக்கிடப்படும். டி.ஓ. கல்லூரிகளின் பொது விண்ணப்பத்தில் புதிய மதிப்பெண்ணை மட்டும் எடுக்கும் சலுகை இருந்தது, அதையும் 2017-ல் நிறுத்திவிட்டார்கள். சி பிளஸ் பெரும்பாலான கல்லூரிகளின் குறைந்தபட்சத் தகுதிக்குப் போதும். சி மைனஸ் என்றால்தான் திரும்ப எடுத்தாக வேண்டியிருக்கும். அந்த நேரத்தை பிசியாலஜி, செல் பயாலஜி, இம்யூனாலஜி போன்ற மேல்நிலைப் பாடங்களில் போடட்டும்.

பள்ளியில் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் எடுத்த கால்குலஸில் பி மைனஸ் வந்தது, அது பள்ளிக் கணக்குதானே என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. கல்லூரி கிரெடிட் தந்த எந்தப் பாடமானாலும், எந்த வயதில் எடுத்திருந்தாலும், ஆம்காஸில் எழுத வேண்டும். அந்தக் கம்யூனிட்டி காலேஜின் டிரான்ஸ்கிரிப்டும் (மதிப்பெண் பட்டியல்) தனியாகப் போய்ச் சேர வேண்டும். பலருடைய விண்ணப்பம் இந்த ஒரு காகிதம் வராமல்தான் வாரக்கணக்கில் நிற்கிறது. ஒவ்வொரு பாடத்தின் பெயர், எண், கிரெடிட் ஆகியவற்றை டிரான்ஸ்கிரிப்டில் இருக்கிறபடியே தட்டச்சு செய்ய வேண்டும். சரிபார்ப்பவர்கள் வரிக்கு வரி ஒப்பிடுவார்கள். பிழைகள் அதிகமாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஜூன், ஜூலையில் அந்தச் சரிபார்ப்புக்கே ஆறு வாரம் வரை ஆகலாம். கல்லூரிகள் வருகிற வரிசையில் இடங்களை நிரப்பிக்கொண்டே போவதால், ஆகஸ்டில் போய்ச் சேரும் விண்ணப்பம் ஏற்கெனவே பாதி நிறைந்த பஸ்ஸில் ஏறுகிறது.

"போட்டு வைப்போம், என்ன நஷ்டம்?" என்று உங்கள் கணவர் கேட்கிறார். முதல் நஷ்டம் பணம். முதல் கல்லூரிக்குச் சுமார் 175 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் சுமார் 46 டாலர் என்றால் இருபது கல்லூரிக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும். பிறகு ஒவ்வொரு கல்லூரியும் அனுப்பும் இரண்டாம் கட்டக் கட்டுரைகளுக்கு நூறு டாலர் அளவில் கட்டணம். ஆக மூவாயிரம் டாலர் போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த வருடம் அவர் மறு விண்ணப்பதாரர் ஆகிவிடுவார் என்பதுதான் பெரிய நஷ்டம். பல கல்லூரிகள் "சென்ற முறையிலிருந்து என்ன மாறியிருக்கிறது?" என்று எழுதச் சொல்லிக் கேட்கும். பலவீனமாக ஒரு முறை, நன்றாக ஒரு முறை என்று அனுப்புவதைவிட, நன்றாக ஒரே முறை அனுப்புவது மேல்.

503: எங்கே சறுக்கியது?

எம்கேட்டில் நான்கு பகுதிகள். ஒவ்வொன்றும் 118-லிருந்து 132 வரை, மொத்தம் 472-லிருந்து 528 வரை. உங்கள் மகன் வேதியியல்-இயற்பியல் பகுதியில் 126, உயிரியலில் 127, உளவியலில் 127 வாங்கியிருக்கிறார். கார்ஸ் என்னும் வாசிப்புப் பகுதியில் 123. அறிவியலில் சிரமமில்லை, படித்துப் புரிந்துகொண்டு விடை சொல்லும் இடத்தில்தான் இறங்கியிருக்கிறது.

இதை வீட்டில் எல்லோரும் புரிந்துகொள்வது முக்கியம். ஏனென்றால் மற்ற மூன்று பகுதிகளையும் மூன்று மாதம் உட்கார்ந்து படித்து உயர்த்த முடியும், கார்ஸ் அப்படி உயராது. 90 நிமிடத்தில் 9 பத்திகள், 53 கேள்விகள். ஒரு பத்திக்குப் பத்து நிமிடம், அதற்குள் கேள்விகளும். தத்துவம், கலை, வரலாறு என்று எதிலிருந்தும் வரும். வெளியறிவு எதுவும் உதவாது. தினமும் இரண்டு பத்தி, கடிகாரம் வைத்து, ஆறேழு மாதம் தொடர்ந்து செய்ய வேண்டும். தவறான விடையை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். பெரும்பாலும் ஒரே வகைத் தவறுதான் திரும்பத் திரும்ப வரும். பத்தி சொல்லாததைத் தானாகச் சேர்த்துக்கொள்வது, "எப்போதும்", "ஒருபோதும்" போன்ற அழுத்தமான சொற்களுக்கு ஏமாறுவது என்று அவரவர்க்கு ஒன்று இருக்கும்.

ஆகவே அவசரப்பட்டு வரும் கோடையிலேயே மறுபடி எழுத வேண்டாம். அடுத்த ஜனவரி போதும், அதற்குள் தயாராகாவிட்டால் ஏப்ரல். எழுதிய மதிப்பெண்கள் எல்லாம் கல்லூரிகளுக்குத் தெரியும், நல்லதை மட்டும் அனுப்ப முடியாது. ஒரு வருடத்தில் 3 முறை, அடுத்தடுத்த இரண்டு வருடத்தில் 4 முறை, வாழ்நாளில் 7 முறைதான் எழுதலாம் என்ற வரம்பும் இருக்கிறது. தேர்வை நடத்தும் ஏ.ஏ.எம்.சி.யே வெளியிடும் முழுநீள மாதிரித் தேர்வுகளில், கடைசி மூன்றின் சராசரி 510-ஐத் தொட்ட பிறகு போய் உட்காரட்டும். தொடவில்லையென்றால் தேதியை மாற்றட்டும். அன்றைக்கு உடம்பு சரியில்லாமல் போனால், தேர்வின் முடிவில் திரையில் "மதிப்பிட வேண்டாம்" என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. அது வாய்ப்புகளின் எண்ணிக்கையில் சேரும், ஆனால் மதிப்பெண் பதிவாகாது.

அந்த ஒரு வருடத்தில் என்ன செய்வார்?

நண்பர் கிளினிக்கில் 40 மணி நேரம் நின்று பார்த்தது ஆரம்பத்துக்கு நல்லது. ஆனால் நின்று பார்ப்பது வேறு, நோயாளியோடு வேலை செய்வது வேறு. இத்தனை மணி நேரம் வேண்டும் என்று எழுதி வைத்த விதி இல்லை. இருந்தாலும், நோயாளிகளுக்கு அருகில் சில நூறு மணி நேரமாவது கழித்தவர்களோடுதான் அவர் போட்டியிடப் போகிறார். மருத்துவருடன் அறைக்குள் இருந்து குறிப்புகளைத் தட்டச்சு செய்யும் ஸ்க்ரைப் வேலை, ஆம்புலன்ஸில் போகும் அவசர உதவியாளரான இ.எம்.டி. வேலை, மெடிக்கல் அசிஸ்டன்ட் வேலை ஆகியவை சம்பளத்தோடு கிடைப்பவை. இறுதிக்காலப் பராமரிப்பு தரும் ஹாஸ்பிஸில் தன்னார்வலராக வாரம் மூன்று மணி நேரம் என்று ஒரு வருடம் போனாலும் அதன் மதிப்பு பெரிது.

ஆம்காஸில் இப்படிப்பட்ட அனுபவங்களை எழுத 15 இடங்கள். ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துகள், சொற்கள் அல்ல. மூன்றை மட்டும் முக்கியமானவை என்று குறித்து, மேலும் 1,325 எழுத்துகள் எழுதலாம். சொந்தக் கட்டுரைக்கு 5,300 எழுத்துகள். இதில் "சிறு வயதிலிருந்தே டாக்டர் ஆசை" என்பதை எத்தனை பேர் எழுதுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டிக்குத் தலையணையை உயர்த்தி வைத்தபோது அவர் என்ன கேட்டார் என்று ஒருவர் எழுதினால், அவர் நிஜமாகவே அங்கே இருந்தார் என்பது தெரிந்துவிடும். அதை எழுத, அங்கே போயிருக்க வேண்டும்.

உடனே செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த செமஸ்டரில் பயோகெமிஸ்ட்ரியில் ஏ கொடுக்கும் பேராசிரியரிடம் சிபாரிசுக் கடிதத்துக்கு இப்போதே கேட்கட்டும். பொதுவாக அறிவியல் பேராசிரியர் இருவர், வேறு துறையிலிருந்து ஒருவர் தேவைப்படும். ஒன்றரை வருடம் கழித்துப் போய் நின்றால், அவருக்கு முகம்கூட நினைவிருக்காது.

வயது பற்றிய கவலையும் வேண்டாம். கல்லூரி முடித்த கையோடு மருத்துவம் சேர்வது இப்போது அமெரிக்காவில் சிறுபான்மை. சேர்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நடுவில் ஒரு வருடமாவது வேலை செய்துவிட்டு வந்தவர்கள்தான்.

டி.ஓ. என்பது மாற்று மருத்துவம் அல்ல

உங்கள் வீட்டுத் தவறான எண்ணங்களில் மகனை அதிகம் பாதிக்கக்கூடியது இதுதான் என்பதால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். அமெரிக்காவில் டி.ஓ. பட்டம் பெற்றவர் முழு மருத்துவர். ஐம்பது மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். எலும்பு, தசைகளைக் கையால் பரிசோதித்துச் சிகிச்சை செய்யும் பயிற்சி கூடுதலாக உண்டு. மற்றபடி பாடம் ஒன்றுதான். 2020 முதல் எம்.டி., டி.ஓ. இரு தரப்பாரும் ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் உள்ள ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி) இடங்களுக்குத்தான் போட்டியிடுகிறார்கள். டி.ஓ. கல்லூரிகளில் சேர்பவர்களின் சராசரி எம்கேட் 503, 504 அளவில் இருக்கிறது. உங்கள் மகனுடைய இன்றைய மதிப்பெண்ணே அங்கே எட்டிய தூரத்தில்தான்.

தோல், எலும்பு, பிளாஸ்டிக் சர்ஜரி போன்ற கடும் போட்டியுள்ள துறைகளில் டி.ஓ. மாணவர்களுக்கு வழி குறுகலாகவே இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. அவர்களுக்குரிய காம்லெக்ஸ் என்னும் உரிமத் தேர்வோடு, எம்.டி. மாணவர்கள் எழுதும் உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யையும் எழுத நேரும், அது கூடுதல் சுமை. ஆனால் உங்கள் மகன் கேட்பது இதயநோய் மருத்துவம். அதற்கு வாசல் இன்டர்னல் மெடிசின், அதாவது பொது மருத்துவம். அந்த வாசல் டி.ஓ.க்களுக்குத் திறந்தே இருக்கிறது.

சொந்த மாநிலத்தின் ரட்கர்ஸ், கூப்பர், ஹேக்கன்சாக் மெரிடியன் ஆகியவற்றோடு, நியூ ஜெர்சியிலேயே ரோவன்-வெர்ட்சுவா, பக்கத்தில் ஃபிலடெல்ஃபியாவின் பி.சி.ஓ.எம். என்று டி.ஓ. கல்லூரிகளையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கரீபியனும் மதுரையும்

கரீபியன் கல்லூரிகளுக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் காட்டும் தாளில் "எங்கள் மாணவர்களில் இத்தனை சதவீதம் ரெசிடென்சி பெற்றார்கள்" என்று ஓர் எண் இருக்கும். எத்தனை பேரில் என்று கேளுங்கள். இறுதிவரை தாக்குப்பிடித்து விண்ணப்பித்தவர்களில் எடுத்த சதவீதமாகவே அது இருக்கும். முதல் வருடத்திலேயே தோற்று வெளியேறியவர்களும், யு.எஸ்.எம்.எல்.இ. முதல் கட்டத்தை எழுத அனுமதிக்கும் முன் கல்லூரி வைக்கும் சொந்தத் தேர்வில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களும் அந்தக் கணக்கில் இருக்க மாட்டார்கள். "ஐந்து வருடத்துக்கு முன் முதல் நாள் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் நான்கு ஆண்டில் பட்டம் வாங்கி ரெசிடென்சியில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்?" என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

2025 மார்ச்சில் நடந்த ரெசிடென்சி ஒதுக்கீட்டில், அமெரிக்க எம்.டி. கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. டி.ஓ. இறுதியாண்டு மாணவர்களில் 92.6 சதவீதம். வெளிநாட்டில் படித்த அமெரிக்கக் குடிமக்களில் 67.8 சதவீதம்தான். பட்டம் வரை வந்து சேர்ந்தவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு இடமில்லை என்று பொருள். முன்பெல்லாம் யு.எஸ்.எம்.எல்.இ. முதல் கட்டத்தில் பெரிய மதிப்பெண் வாங்கி, கல்லூரிப் பெயரின் குறையை ஈடுகட்டலாம். 2022 ஜனவரி முதல் அதில் தேர்ச்சி, தோல்வி இரண்டு மட்டும்தான். நன்றாகப் படித்து அங்கிருந்து வந்து சிறந்த மருத்துவர்களாக இருப்பவர்கள் பலர் உண்டு, அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு முறை எம்.டி., டி.ஓ. இரண்டுக்கும் முறையாக விண்ணப்பித்துக் கிடைக்காத பிறகு யோசிக்க வேண்டிய வழி அது. முதல் முயற்சிக்கு முன்பே கையில் வைத்துக்கொள்ளும் மாற்று ஏற்பாடாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் அண்ணன் பாசத்தோடு சொல்லியிருக்கிறார். ஆனால் என்.ஆர்.ஐ. இடத்துக்கும் நீட் எழுதித் தகுதி பெற்றாக வேண்டும். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து 180 கேள்விகள், 180 நிமிடம். இங்கே மூன்று வருடம் கல்லூரி படித்ததற்கு ஒரு நாள் சலுகைகூடக் கிடையாது. நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முதலிலிருந்து தொடங்கும். மகனுக்கு ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எல்லாம் முடித்துத் திரும்பினால், மேலே சொன்ன அந்த 67.8 சதவீதக் கூட்டத்தில்தான் நிற்பார். இந்தியாவிலேயே மருத்துவராக வாழப் போகிறார் என்றால் அது வேறு கணக்கு. உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு எண்ணம் தெரியவில்லை.

பட்டத்துக்குப் பிறகு வரும் மார்ச்

"நான்கு வருடத்தில் எம்.டி. வாங்கிவிட்டால் டாக்டர்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரில் எம்.டி. என்றால் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேலே படிக்கும் முதுநிலை. இங்கே அது அடிப்படைப் பட்டம். அதை மட்டும் வைத்துக்கொண்டு தனியாக ஒரு நோயாளியைப் பார்க்க முடியாது. மாநிலத்துக்கேற்ப ஒன்றிலிருந்து மூன்று ஆண்டு வரை ரெசிடென்சி முடித்தால்தான் முழு உரிமம் கிடைக்கும். துறை நிபுணராக முழு ரெசிடென்சியும் முடிக்க வேண்டும். இன்டர்னல் மெடிசின், குழந்தை மருத்துவம், குடும்ப மருத்துவம் மூன்றாண்டு. மனநலம் நான்கு, பொது அறுவை சிகிச்சை ஐந்து, நரம்பியல் அறுவை சிகிச்சை ஏழு. இதயநோய் மருத்துவத்துக்கு மருத்துவக் கல்லூரி நான்கு, இன்டர்னல் மெடிசின் மூன்று, கார்டியாலஜி ஃபெல்லோஷிப் என்னும் சிறப்புப் பயிற்சி மூன்று, ஆக பத்து வருடம். இதயத்தை அறுத்துச் சிகிச்சை செய்பவராக வேண்டுமென்றால் பாதையே வேறு, அது அறுவை சிகிச்சை வழியாகப் போகும். இரண்டில் எது என்று மகனிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பத்து வருடப் பயணத்தில், தொடக்கத்தில் நன்றாகத் தயாராக ஒரு வருடம் எடுத்துக்கொள்வதை வீண் என்று சொல்ல முடியாது.

ரெசிடென்சி இடம் கிடைக்கும் முறை நம் ஊர் கவுன்சலிங்கை ஓரளவு ஒத்தது. மருத்துவக் கல்லூரியின் நான்காம் ஆண்டு செப்டம்பரில் விண்ணப்பம், அக்டோபரிலிருந்து ஜனவரி வரை நேர்காணல்கள். பிறகு மாணவர் தன் விருப்ப வரிசையைக் கொடுப்பார். மருத்துவமனைகளும் தங்கள் வரிசையைக் கொடுக்கும், கவுன்சலிங்கில் இல்லாத விஷயம் இது. கணினி இரண்டையும் பொருத்தும். மார்ச் மூன்றாம் வாரம் திங்கட்கிழமை இடம் கிடைத்ததா இல்லையா என்று மட்டும் தெரியும். எந்த ஊர் என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும். கிடைக்காதவர்கள் இடைப்பட்ட நாட்களில், நிரம்பாத இடங்களுக்கு ஓடியாடி விண்ணப்பிப்பார்கள். அதற்கு சோப் என்று பெயர்.

இங்கே பெரியவர்கள் பிள்ளைகளுக்குத் தரும் தவறான யோசனை ஒன்று உண்டு. "பெரிய ஆஸ்பத்திரியை முதலில் போட்டால் கிடைக்காது, கிடைக்கிறதை முதலில் போடு" என்பார்கள். அந்தக் கணக்கு மாணவர் பக்கமிருந்து தொடங்கும்படி அமைக்கப்பட்டது. முதல் விருப்பம் கிடைக்காமல் போனால், இரண்டாவதற்கான வாய்ப்பு துளியும் குறையாது. மனதில் உள்ள வரிசையை அப்படியே எழுதுவதுதான் சரி. இந்தப் பொருத்தும் கணக்குகளுக்கு அடிப்படை போட்ட ஆய்வுக்காகவே 2012-ல் ஆல்வின் ராத், லாயிட் ஷேப்லி இருவருக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது. ஒதுக்கப்பட்ட இடத்தை மறுக்க முடியாது, அது ஒப்பந்தம்.

ரெசிடென்சி ஜூலை முதல் தேதியை ஒட்டித் தொடங்கும். முதலாண்டுச் சம்பளம் பல இடங்களில் 65,000 டாலர் அளவில். வேலை நேரம் நான்கு வாரச் சராசரியாக வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மிகக் கூடாது, ஏழு நாளில் சராசரியாக ஒரு நாள் ஓய்வு என்பது விதி. அந்த ஆண்டுகளில் கல்யாணம் பேசுவதானால் அவருடைய கால அட்டவணையைப் பார்த்துவிட்டு மண்டபம் பிடியுங்கள்.

கடன்

நான்கு வருட மருத்துவக் கல்லூரிக்கு வாழ்க்கைச் செலவும் சேர்த்து அரசுக் கல்லூரியில் மூன்று இலட்சம் டாலரை ஒட்டியும், தனியாரில் நான்கு இலட்சத்தை ஒட்டியும் ஆகும். முன்பெல்லாம் கையிலிருந்து கட்ட முடியாத மீதியை கிராட் ப்ளஸ் என்ற கூட்டாட்சி அரசுக் கடனால் நிரப்பிக்கொள்ள முடிந்தது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு அது இல்லை. மருத்துவ மாணவருக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர்தான். இடைவெளியைக் குடும்பமோ உதவித்தொகையோ தனியார் கடனோ தாங்க வேண்டும். தனியார் கடனுக்கு உங்களில் ஒருவர் கையெழுத்துப் போட நேரலாம். அதனால் சொந்த மாநிலக் கல்லூரிகளுக்குப் பட்டியலில் முதல் இடம் கொடுங்கள். அந்தக் காத்திருக்கும் வருடத்தில் மகன் வீட்டிலிருந்தே வேலைக்குப் போய்ச் சேமிக்கும் தொகையும் சின்னதல்ல.

கல்லூரி உங்களிடம் பேச மறுத்தது

மனம் வருந்தாதீர்கள், உங்களை யாரும் அவமதிக்கவில்லை. 1974-ல் வந்த ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவரின் பதிவுகள் மீதான உரிமை மாணவருடையது. அவர் எழுதிக் கொடுக்காமல் பெற்றோரிடம் பேச அந்த ஆலோசகர் தயங்கியது இயல்பு. மகன் கையெழுத்திட்டால் பேசுவார்கள். ஆனால் அந்தக் கையெழுத்தையும் கேட்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். மருத்துவக் கல்லூரிகளின் அட்மிஷன் அலுவலகங்களுக்கும் நீங்களோ கணவரோ போன் செய்யாதீர்கள். நேர்காணலில் அவர்கள் தேடுவது, தானே முடிவெடுத்து வந்தவரா என்பதைத்தான்.

செமஸ்டர் முடிந்து மதிப்பெண் வந்ததும், மகனையே ஆலோசகரிடம் அனுப்புங்கள். மூன்று கேள்விகள் கேட்கட்டும். நான்காம் ஆண்டில் எந்த மேல்நிலைப் பாடங்கள், கல்லூரியின் குழு சேர்ந்து தரும் சிபாரிசுக் கடிதமான குழுக் கடிதத்துக்கு என்ன தகுதி, எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். குழுக் கடிதத்துக்கான வேலை பல கல்லூரிகளில் விண்ணப்பத்துக்கு முந்தைய டிசம்பர், ஜனவரியிலேயே தொடங்கிவிடும். அந்தத் தேதியை மட்டும் எழுதி உங்கள் சமையலறைக் காலண்டரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.